நின்னாச்சு

என் ஓர்ப்படிக்கு வீட்டிலும் வேலையிலும் பாறையிலும் ஒரே பெயர்தான். மூச்சக்கா. என் கணவரின் அண்ணன் மனைவி. எக்ஸ்ரே அறையில் காலையிலிருந்து மாலைவரை சொன்னதையே சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் அவரிடம் ஒட்டிக்கொண்டது. "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க."

அந்த அறை மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஈயத் தகடு பதித்த கதவு, அதற்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. வருகிறவர் சட்டையைக் கழற்றிவிட்டு, சில்லென்ற பலகையில் மார்பை ஒட்டி, மோவாயைத் தூக்கி நிற்க வேண்டும். அக்கா தடித்த கண்ணாடிக்குப் பின்னால் போய் மைக்கில் பேசுவார். அந்தக் குரலில் கோபமும் இருக்காது, கனிவும் இருக்காது. ஊரையே மிரட்டுகிற ஆள்கூட அதைக் கேட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஒருமுறை "பிடிங்க" என்று சொன்ன கையோடு மேலே யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று போன் வந்திருக்கிறது. அக்கா பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் அந்த மனிதர் முகமெல்லாம் சிவந்து, கண் பிதுங்கி, இன்னும் பிடித்துக்கொண்டே நிற்கிறார். "விடுங்க" என்று யாரும் சொல்லவில்லையே. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் சிரித்துப் புரண்டேன். அக்கா சிரிக்கவில்லை. "குரல் எங்கிருந்து வருதுன்னு அவருக்குத் தெரியாதுடி. ஆனாலும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அது சொன்னபடி நிக்கறார். நினைச்சா எனக்கே பயமா இருக்கு" என்றார்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எனக்குப் பொறுமை கம்மி, சத்தம் ஜாஸ்தி. அக்காவுக்கு நேர்மாறு. வாரமெல்லாம் ஜன்னலில்லாத அறையில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் கூரைக்குக் கீழே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் பாறை ஏறக் கிளம்பினார். என்னிடம் வண்டி இருந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டு அண்ணன் தம்பி இருவருக்கும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவர்கள் டிவிக்கு முன்னால் பத்திரமாக இருந்தார்கள்.

பாறை ஏறுவதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதலில் போகிறவருக்கு மேலே கயிறு இருக்காது. அவர் போகப் போகப் பாறையின் வெடிப்புகளில் சின்ன உலோகத் துண்டுகளைச் செருகி, அதில் கொக்கி மாட்டி, கொக்கியில் கயிற்றைப் போட்டுக்கொண்டே ஏறுவார். அந்தத் துண்டுகளை நாங்கள் ஆப்பு என்போம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் "யாருக்கு ஆப்பு வைக்கப் போறீங்க" என்று கேட்டே தீருவார்கள். கீழே நிற்கிறவர் இடுப்பில் மாட்டிய இரும்புப் பூட்டு வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். முன்னால் போகிறவர் விழுந்தால் அந்தப் பூட்டுதான் அவரைத் தாங்கும். மேலே இருப்பவர் "லூசு" என்று கத்தினால் கயிற்றைத் தளர்த்து என்று அர்த்தம். முதல் நாள் என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போய்விட்டேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் ஒன்று உண்டு. முன்னால் போனவர் உச்சிக்குப் போய், தன்னைப் பாறையோடு கட்டிக்கொண்ட பிறகு கீழே சொல்கிற சொல். "நின்னாச்சு." அதைக் கேட்ட பிறகுதான் கீழே நிற்கிறவர் பூட்டிலிருந்து கயிற்றைக் கழற்றலாம். அதற்கு முன்னால் கழற்றினால், மேலே இருப்பவர் வெறும் கயிற்றோடு காற்றில் நிற்கிறார் என்று பொருள்.

அக்கா அதுவரை இரண்டாவதாக மட்டுமே ஏறியிருந்தார். மற்றவர்கள் செருகிவிட்டுப் போனதைக் கழற்றிக்கொண்டு போவது இரண்டாவது ஆளின் வேலை. ஒருநாள் வண்டியில் வரும்போது, "ஊரார் வச்ச ஆப்பைப் பிடுங்கியே என் காலம் போயிடும் போலிருக்குடி. இனி நானே முன்னால போறேன். நீதான் கயிறு பிடிக்கணும்" என்றார்.

எங்கே போய்ப் பழகுவது என்பதுதான் கேள்வியாக இருந்தது. ஆணிக்கடைக்காரரிடம் கேட்டோம். ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் தகரப் பெட்டிகளில் கொட்டிவைத்திருக்கும் நீளமான இருட்டுக் கடை அவருடையது. பின்பக்கம் கிரீஸ் வாடைக்கு நடுவே கயிறும் ஆப்பும் தொங்கும். அவர் ஒரு காலத்தில் நன்றாகப் பாறை ஏறியவர். இப்போது கடை ஏணியைத் தவிர எதிலும் ஏறுவதில்லை.

"குவாரிப் பக்கம் போகாதீங்க. வெடி வச்சு உடைச்ச கல்லு, தொட்டா கையோட வரும்" என்றார். "அணைப் பாறை பார்க்க அழகா இருக்கும். ஆனா வெடிப்பே கிடையாது, ஒரு ஆப்புக்கும் அடுத்த ஆப்புக்கும் நடுவுல உசிரு போயிடும். முதல் தடவை முன்னால போறவங்களுக்கு வேண்டியது வேற. உயரம் குறைச்சலா இருக்கணும். கைக்கெட்டுற இடமெல்லாம் வெடிப்பு இருக்கணும். நின்னு யோசிக்கத் திட்டு வேணும். பின்பக்கமா நடந்து இறங்கி வர வழி வேணும். இது எல்லாமே இருக்கற இடம் ஒண்ணுதான்."

"வளைஞ்ச பாறையா?" என்று அக்கா கேட்டார்.

"அதேதான்" என்று சொல்லிவிட்டு அவர் தாழ்ப்பாள் பெட்டியைத் துழாவ ஆரம்பித்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வளைந்த பாறைக்கு யாரும் போவதில்லை. ஏனென்று எங்களுக்குத் தெரியும். ஆணிக்கடைக்காரரின் தம்பி அங்கேதான் விழுந்து செத்தான். கயிறு பிடித்திருந்தவர் அண்ணன். தம்பி "நின்னாச்சு" என்று சொன்னான், அதனால்தான் பூட்டைக் கழற்றினேன் என்பது அவர் பேச்சு. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பாறை ஏறுகிறவர்கள் கூடிக் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் கீழேயிருந்து "நின்னாச்சா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வளைவில் பட்டுத் திரும்பும்போது கடைசி எழுத்து மழுங்கி, அவருடைய கேள்வியே பதிலாக வந்திருக்கிறது. ஆசைப்பட்ட காது அதை "நின்னாச்சு" என்று எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து யாரும் கீழேயிருந்து அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. நம்பத் தக்க விளக்கம்தான். ஆனால் ஆணிக்கடைக்காரர் மட்டும் "நான் கேட்கவே இல்லை" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார். அவசரக்காரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

"அங்க வேண்டாம்க்கா" என்று வண்டியில் சொன்னேன்.

"அவர் சொன்னதுல எது தப்பு, சொல்லுடி பார்ப்போம்."

எதுவும் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பேச்சே வேண்டாம்டி. மேலே போய் என்னைக் கட்டிக்கிட்டதும் மிச்சக் கயிறை மேலே இழுப்பேன். இறுகினதும் வெட்டி வெட்டி இழுப்பேன். அப்புறம் நீ கழட்டு. வாயால யார் என்ன சொன்னாலும் கழட்டாதே."

அக்காவுக்கு என்னிடம் டி போடாமல் பேச வராது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, என்னிடம் சொன்னால் எங்காவது ஒரு டி வந்து விழுந்துவிடும். வந்த புதிதில் எனக்கு அது கோபம் மூட்டியது. அப்புறம் அது இல்லாமல் பேசினால்தான் என்னவோ போலிருக்கும்.

ஞாயிறு காலை வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தோம். மூன்று மாடி வீட்டளவு உயரம், அவ்வளவுதான். இரண்டு கைகளையும் அரைவட்டமாக விரித்ததுபோல் வளைந்து நின்றது. வளைவுக்குள் நுழைந்ததும் வெளிச்சத்தம் கதவைச் சாத்தினதுபோல் நின்றுவிட்டது. சாலையில் லாரி போவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை. ஒரு காக்கைகூட அங்கே உட்காரவில்லை.

அக்கா தரையோரமாகவே நின்று ஆப்புகளைச் செருகிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வாரைத் தொங்கவிட்டு, நான் அதில் ஏறி நின்று குதித்துச் சோதிக்க வேண்டும். என் எடைக்கு ஒன்றும் அசையவில்லை. ஆணிக்கடைக்காரர் சொன்னது சத்தியம். இப்படி ஒரு வெடிப்பை நான் எங்கும் பார்த்ததில்லை.

அக்கா வளைவின் அந்த முனைக்குப் போனார். நான் இந்த முனையில் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினால் ஆளில்லை. மறுபடியும் ஒரு மூச்சு. கூடவே "சின்னதா ஒண்ணு வேணும்" என்று ஒரு முணுமுணுப்பு. அக்காதான். அவ்வளவு தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தனக்குத்தானே பேசியது, சுவரோடு ஊர்ந்து வந்து என் காதுக்குள் விழுந்தது. விஷயம் தெரிந்த பிறகும் என் கழுத்து மயிர் படியவில்லை.

"அக்கா, திரும்பிப் போயிடலாமா?" என்று வாய்க்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன்.

"வந்தது வந்தாச்சு, கயிறைப் பிடிடி" என்று பதில் வந்தது.

ஏறினார். நன்றாகத்தான் ஏறினார். ஆப்பைச் செருகுவார், வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார், கொக்கி மாட்டுவார், கயிற்றைப் போடுவார். எக்ஸ்ரே அறையில் பலகையைச் சரிசெய்கிற அதே நிதானம். நான் அண்ணாந்து பார்த்துக் கயிறு விட்டுக்கொண்டே இருந்தேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை தொந்திபோல் புடைத்திருந்தது. அக்காவின் தலை அதற்கு மேலே போய் மறைந்தது. பிறகு இடுப்பு. கடைசியாக ஒரு ஷூவின் அடிப்பாகம். அதன்பிறகு கயிறு மட்டும்தான்.

கயிறு கொஞ்சம் போனது. நின்றது. வெகுநேரம் அசையவில்லை. கேட்க வேண்டும்போல நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இதை எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன். நான் வாயையே திறக்கவில்லை.

"நின்னாச்சு."

அக்காவின் குரல். எக்ஸ்ரே அறைக் குரல், கோபமும் கனிவும் இல்லாத அதே குரல். மேலேயிருந்து வரவில்லை. என் பக்கத்தில் நின்று சொன்னதுபோல் வந்தது. என் கை என்னைக் கேட்காமலே பூட்டுக்குப் போனது. கட்டைவிரல் பூட்டை மாட்டியிருந்த கொக்கியின் திருகைத் திருப்ப ஆரம்பித்துவிட்டது. கயிறை இழுக்கிறேன் என்றாரே, வெட்டி இழுக்கிறேன் என்றாரே, எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அந்தக் குரல் சொன்னால் ஊரே கேட்கும், நான் எம்மாத்திரம்?

ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. பருப்பில் உப்பில்லாததுபோல. என்னவென்று தேடுவதற்குள் கட்டைவிரல் நின்றுவிட்டது. டி இல்லை.

திருகை மறுபடி இறுக்கினேன். இறுக்கி முடிக்கவில்லை, மேலே சரக்கென்று ஒரு சத்தம். கயிறு என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பாறையோடு அறைந்தது. தொந்திக்குக் கீழே அக்காவின் இரண்டு கால்களும் காற்றில் தொங்கின. நான் அழுதுகொண்டே பிடித்திருந்தேன். இதை மறைக்க என்ன இருக்கிறது, சத்தம் போட்டு அழுதேன். என் அழுகை வளைவைச் சுற்றிவந்து, வேறு யாரோ அழுவதுபோல எனக்கே கேட்டது.

அக்கா மெதுவாகக் காலை ஊன்றினார். மறுபடி ஏறி மறைந்தார். கயிறு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. கடைசியில் இறுகி, வெட்டி வெட்டி இழுத்தது. அப்போதும் எனக்குக் கழற்ற மனம் வரவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் கோபமாக இழுத்த பிறகுதான் கழற்றினேன்.

நான் மேலே போனதும் முதல் வேலையாக, "எதுக்கு நின்னாச்சுன்னு சொன்னீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

அக்கா என்னையே பார்த்தார். "நான் எங்கேடி சொன்னேன்? ஒரு கையால தொங்கிக்கிட்டு இருந்தேன். அடுத்த ஆப்பைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இருந்தேன். இதோ பாரு." கீழுதட்டில் உலோகம் அழுந்திய தடம் இன்னும் இருந்தது. "அங்க ஏற்கெனவே ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்குடி. துருப்பிடிச்சது. அதுக்குப் பக்கத்துல வைக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கும்போதுதான் கால் வழுக்கிச்சு."

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் பேசினோம்.

நேராகக் கடைக்கு விட்டேன் வண்டியை. அவர் மேசைக்குப் பின்னால் நின்று திருகாணிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தராசை விட்டுவிட்டார்.

"கேட்டுச்சா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ கேட்கும்னு தெரிஞ்சுதான் அனுப்பினீங்களா? எங்களை வச்சுச் சோதனை பார்த்தீங்களா?"

"பாறை நல்ல பாறைம்மா. அதுல பொய் இல்லை."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஆமாம்மா" என்றார். "இத்தனை வருஷமா ஒருத்தரும் நம்பலை. போகப் போக நானே என்னை நம்பலை. கேட்டிருப்பேனோ, கேட்டுட்டு மறந்துட்டேனோன்னு... யாராவது ஒருத்தராவது போயிட்டு வந்து சொல்லணும்னு இருந்துச்சு. வாயால சொன்னா கழட்டாதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கணும். சொன்னா போக மாட்டீங்களேன்னு சொல்லலை. தப்புதான்."

அக்கா என்னைத் தடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை என்பதையும், குரல் வந்ததையும், பல்லில் ஆப்பு இருந்ததையும். டி இல்லாததால்தான் என் கை நின்றது என்றபோது ஆணிக்கடைக்காரர் கீழே இருந்த ஆணிப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் எப்பவும் நின்னாச்சுண்ணான்னுதான் சொல்லுவான்" என்றார். "சின்ன வயசுல இருந்து அண்ணா போடாம எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்னிக்கு வந்ததுல அண்ணா இல்லை. இன்னி வரைக்கும் அது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்க."

கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"வர ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்துங்க" என்றார் அக்கா. "எனக்கு நீங்க கயிறு பிடிங்க."

"உங்களுக்கென்ன லூசா?" என்றேன் நான்.

"கயிறையா சொல்றே, என்னையாடி?" என்றார் அக்கா. ஆனால் குரல் எக்ஸ்ரே அறைக் குரலாக இருந்தது. அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை.

வீடுவரை அவரோடு மல்லுக்கட்டினேன். செத்துத் தொலைய வேறு வழியில்லையா, அந்த ஆள் கையில்தான் கொடுக்க வேண்டுமா என்றேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "எங்கே பழகறதுன்னு தேடினோம் இல்லையாடி. அங்கதான் பழகணும். மத்த இடத்துல கையை மட்டும் நம்பினா போதும். அங்க காதை நம்பாம இருக்கவும் பழகலாம்" என்றார். பிறகு, "அவருக்கும் ஒரு தடவை விடாம பிடிக்கக் கிடைக்கணும்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் திரும்பவும் அங்கே வண்டியை ஓட்டிப்போனது நான்தான்.

அடுத்த ஞாயிறு ஆணிக்கடைக்காரர் பழைய இடுப்புப் பட்டையோடு வந்தார். வார்கள் வெளுத்துப்போயிருந்தன. அக்கா அதைக் கழற்றச் சொல்லி என்னுடையதைக் கொடுத்தார். முடிச்சைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், திருகைத் தானே இறுக்கினார். "பிடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப்போனார். நான் கடைக்காரர் பக்கத்திலேயே நின்றேன். அவர் கை பூட்டின் பக்கம் போனால் கடித்தாவது தடுத்துவிடுவது என்ற முடிவோடு நின்றேன்.

அக்காவின் தலை தொந்திக்கு மேலே மறைந்தது. இடுப்பு, கால். கயிறு கொஞ்சம் போய் நின்றது. சாலையில் ஒரு பஸ் சத்தமில்லாமல் போனது. கடைக்காரரின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கையில்லை. இரண்டு கையும் கயிற்றில்.

"நின்னாச்சு."

எனக்கு அக்காவின் குரலாகத்தான் கேட்டது. டி இல்லாத குரல். நான் அவர் கையைப் பார்த்தேன். கை அசையவில்லை. முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் அவர் நான் கேட்ட குரலைக் கேட்கவில்லை என்று முகமே சொல்லிற்று. கண் நிறைந்து, உதடு கோணி, தொந்திக்கு மேலே எதையோ தேடுகிறவர்போல் அண்ணாந்திருந்தார்.

"பிடிச்சிருக்கேன்டா" என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருக்கிறவனிடம் சொல்வதுபோலச் சொன்னார். மேலே இருந்தது அக்கா. அக்காவை அவர் எப்போதும் அம்மா போட்டுத்தான் கூப்பிடுவார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கயிறு மறுபடி மேலே நகர்ந்தது. அவர் விட்டுக் கொடுத்தார்.